பதினேழாம் பெட்டி

தேவாலாவில் மொய்து தினமும் கேட்பார்,
"தங்கம் கிட்டிச்சா?"
டீ ஆற்றும் கை நிற்காது.
வெள்ளைக்காரன் விட்டுப்போன சுரங்க வாய்கள்
இன்னும் திறந்துகிடக்கும் ஊரில்
துளைபோட வந்தவர்களிடம்
வேறென்ன கேட்பார்கள்.

மூடிப்போன தேயிலை ஃபேக்டரியில்
இலை வாட்டும் மாடிதான் எங்கள் கிடங்கு.
தகரப் பெட்டிகளில் வரிசையாகக் கல்லுருளைகள்,
பெட்டிக்கு ஐந்து மீட்டர் மலை.
என் வேலை நனைப்பது, பார்ப்பது, எழுதுவது:
ஆழம், நிறம், சாய்வு, முறிவு.
ஈரத்துணி பட்டால்தான் கல் வாய் திறக்கும்.
காய்ந்துவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல்.

பெட்டி பதினேழு. எண்பத்திரண்டாவது மீட்டர்.
கறுப்பு, வெள்ளை, கறுப்பு,
விரல் அகலம் ஒன்று, நூல் அகலம் ஒன்று.
காந்தப் பேனாவை மெல்ல இழுத்தேன்.
கறுப்பில் டக்கென ஒட்டியது.
வெள்ளையில் விட்டது.
டக். விட்டது. டக், டக். விட்டது.
ஒரு முழக் கல்லில்
எத்தனை ஆயிரம் வருடமோ,
எனக்கு அரை நிமிடம்.

காற்றில் ஆக்சிஜன் இல்லாத காலம் அது.
கடல் பச்சை.
அடித்தரைப் பிளவுகள் சுடுநீரோடு கக்கிய இரும்பு
தேநீரில் சர்க்கரை மாதிரி
கரைந்தே கிடந்தது, போக்கிடமின்றி.
பிறகு பாசி போல் ஏதோ ஒரு நுண்ணுயிர்
வெயிலைத் தின்று
வேண்டாததைக் குமிழாக வெளியே விட்டது.
அந்தக் கழிவு தொட்ட இடத்தில்
இரும்பு துருவாகி இறங்கியது.
கடலுக்குள்ளேயே பெய்த மழை,
கேட்கக் காது எதுவும் முளைக்காத நாளில்.
பிறகு நின்றது.
வெண்கூழாய்ச் சிலிக்கா படிந்தது.
மறுபடி துரு.
ஏன் நின்றது, ஏன் தொடங்கியது?
பருவமா, நுண்ணுயிரின் பசியா,
ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"வெறும் வண்டல்னு சொன்னீங்க?"
ரிக் ஓட்டும் புஷ்பநாதன்
தேய்ந்த வைர முனையை மேசையில் வைத்தார்.
மூன்றாவது முனை.
புதைந்தது, வெந்தது, மடிந்தது என்றேன்.
படுத்திருந்த கடல்தரை
இங்கே எழுபது பாகையில் எழுந்து நிற்கிறது.
"அப்ப இதுவும் அக்கரை கேஸ்தான்."
அவர் பிறந்தது பதுளையில்.
மூன்று வயதில் தலைமன்னாரில் கப்பலேறியவர்;
இறங்கியதும் கொடுத்த அட்டை
இன்னும் பர்ஸில் நாலாக மடிந்திருக்கிறது.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே சிரித்தார்.

மழை பிடித்துக்கொண்டது.
சேற்றுக்குழியில் ராத்திரி தண்ணீர் குடித்த காட்டெருமை
துருநிறக் குளம்புகளைச் சாலைவரை பதித்துப் போயிருந்தது.
முகாமில் திசைகாட்டி யார் பேச்சையும் கேட்கவில்லை.
வடக்கு எங்கே என்றால்
கழிப்பறைப் பக்கம் காட்டியது.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது.
இரும்பு இருபத்தொன்பது சதவீதம்.
பட்டைகள் மெலிந்தவை. காடு பக்கத்தில்.
பொருளாதார ரீதியில் உகந்ததல்ல.
கீழே ஒரு கையெழுத்து.
நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் இருட்டுக்குள்
சிமென்ட் ஊற்றினோம்.
மேலே ஈரம் காயுமுன்
மாரன் ஒரு குச்சியால் துளை எண்ணை எழுதினான்,
நான்கைத் திருப்பிப் போட்டுவிட்டான்,
யாரும் திருத்தவில்லை.
எனக்கு உள்ளூரக் கொஞ்சம் நிம்மதி.
அதையும் குறிப்பில் சேர்க்கவில்லை.

கடைசிக் காலையிலும் மொய்து கேட்டார்.
"கடல் கிடைத்தது" என்றேன்.
டீ ஆற்றும் கை நின்றது.
"உப்பு இருந்துச்சா?"

நாடுகாணி தாண்டும்போது
பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து
நக்கிப் பார்த்தேன்.
சிமென்ட் தூள். கொஞ்சம் என் விரல் வியர்வை.
பக்கத்து சீட்டுப் பெண்
குழந்தையைத் தூக்கிக்கொண்டு
ஜன்னலோரம் நகர்ந்தாள்.