ஏனையவை

கடன் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டம்
மூன்று விரல் அகலம்.
ஆடுபவள் என்று எழுதினேன்.
"பரதமோ மிஸ்?" வங்கியில் கேட்டார்.
இல்லை.
"அப்ப சினிமா?"
இல்லை. விழுவது. விழுந்துகொண்டே எழும்புவது.
'ஏனையவை'யில் புள்ளடி போட்டார்.

உட்துறைமுக வீதியில்
ஐஸ் வாடிக்கு மேலே என் மண்டபம்.
கீழே பாளம் உடைபடும் சத்தம்தான் தாளம்,
ஒரு நாளும் ஒழுங்காக வராது.
செவ்வாயில் நாலு பேர் வருவார்கள்.
ஒருவன் ஓட்டோ ஓடும் நிஃமத்.
திரும்பச் சொன்னால்
முதலில் கண்ணாடியைப் பார்ப்பான்.

லியோனில் ஆடியபோது
என் கைகளில் போர் தெரிகிறதென்று எழுதினார்கள்.
அது அலஸ்தோட்டத்தில் மாமி
ஈரத் துவாயைப் பிழியும் விதம்.
நான் திருத்தவில்லை.
அந்தக் காசில்தான் இந்தத் தரைப்பலகை.

இப்போது வலது முழங்கால்
படியில் எனக்கு முன்னே முனகுகிறது.

நேற்றிரவு பஸ் நிலையத்தடியில்
கொத்துரொட்டி சுற்றிய கடதாசியைத் தின்றபடி ஒரு மான்.
நிஃமத் ஹோர்ன் அடித்தான்.
காது.
பிறகு தோள்.
கடைசியில்தான் கால்.
பதினெட்டு வருடமாக நான்
காலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

ஓட்டோவை நிறுத்தினான்.
"மிஸ், இன்னொருக்கா அடிக்கட்டா?"