அரைப் பக்கம்

ஊரின் வரலாறு, அரைப் பக்கத்துக்கு மேற்படாமல்.
திருகோணமலைக் கச்சேரியிலிருந்து வந்த படிவம்,
மூன்று பிரதி, வெள்ளிக்கிழமைக்குள்.

கங்கைக்கு இந்தப் பக்கம் அறுபத்தொரு வீடு என்று தொடங்கினேன்.
மஸாஹிறா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்:
"அறுபத்திரண்டு. றவூபுடைய மகன்
நேத்து வேறாக அடுப்பு மூட்டிட்டான்."
வெட்டி எழுதினேன்.

தோற்றம்?
முந்தி ஊர் வடகரையில் இருந்ததாம்.
ஊர் அசையவில்லை. ஒரு மாரி ராத்திரி
கங்கைதான் வீடுகளுக்குப் பின்னால் சுற்றிப் போய்
மறுபக்கத்தால் கடலுக்கு இறங்கியிருக்கிறது.
உறுதிகளில் இன்னும் "தெற்கே கங்கை".
தெற்கே இப்போது தெய்வேந்திரத்தின் மாட்டுப்பட்டி.
அந்தப் பள்ளத்தில் இறங்குமுன்
மாடுகள் ஒருகணம் நின்றுதான் போகும்.

தொழில்:
மீன், மணல், அக்கரை வயல்,
கட்டாரில் கொங்கிறீட்.

அழிவுகள், ஆண்டு வாரியாக:
மூன்று வரிதான் விட்டிருந்தார்கள்.
"பின்பக்கம் பார்க்க" என்று போட்டேன்.
பின்பக்கம் திருப்பவில்லை.

சிறப்பு அம்சங்கள்:
விடிய ஐந்தேகாலுக்கு அக்கரையில்
பாண் ஓட்டோ தன் பாட்டை வாசிக்கும்.
இக்கரை நாய்கள் முழுதும் தண்ணீர்விளிம்புக்கு இறங்கும்.
சதாசிவத்தின் தோணியில் பாண் வரும்,
அணியத்தில் வைத்தது எப்போதும் ஒரு மூலை நனைந்து.
நனைந்த பாணுக்குப் பத்து ரூபாய் குறைவு.
அதற்காகவே பிந்தி வருகிறவர்களும் உண்டு,
நான் உட்பட.
மஸாஹிறா அதை வெட்டச் சொன்னாள். வெட்டவில்லை.

வியாழன் மேலே மழை. கங்கை ஏறிற்று,
தோணி கட்டையை விட்டு அவிழவில்லை.
செவ்வாய்தான் கச்சேரிக்குப் போனேன்.
அங்கே இன்னொரு சின்னப் படிவம்:
பிந்தியதற்குக் காரணம்.
கங்கை என்று எழுதிக் கொடுத்தேன்.
கிளாக்கர் பெடியன் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
"கங்கை உங்களுக்குத் தெற்கேதானே, ஐயா?"