எட்டு சதவீதம் கழிவு

உறுப்பினர் ஆனதற்கு வந்த பார்சலில்
சட்டம் போட்ட சான்றிதழ்:
தலவாய் ஆப்டிகல்ஸ், முக்கூடல்.
என் பேரில் 'ள' வர வேண்டிய இடத்தில் 'ல'.

கடிதத்தில் சலுகைகள், எண் போட்டு.
வில்லை மொத்தமாக எடுத்தால் எட்டு சதவீதம் கழிவு.
குழுக் காப்பீடு.
மாநாட்டில் மதியச் சாப்பாடு, ஒரு கைப்பை.
கண் நலம் பற்றி ஊருக்குச் சொல்லச்
சுவரொட்டி பன்னிரண்டு.
அதில் சிரிக்கும் பெண்மேல்
எங்கள் ஊர் வெயில் பட்டதே இல்லை.

அடுத்த பக்கத்தில் கூடாதுகள்.
விழிப்புணர்வு முகாமில் விற்பனை கூடாது.
விலைச்சீட்டு கூடாது.
பார்க்க வந்தவர் விவரம்
மூன்றாமவருக்குப் போகக் கூடாது.
இரண்டாயிரத்து நானூறு கட்டியவன்
கூடாதுகளையா படிப்பான்?

பஸ் ஸ்டாண்டில் ஒட்டினால்
பஸ்ஸைத்தான் பார்ப்பார்கள்.
பீடிக்கடைக்குப் போனேன்.
சாயங்காலம் நாலு மணி,
சொளவும் கூடையுமாகப் பெண்கள்,
செக்கர் பொன்னுப்பாண்டி
கட்டைப் பிரித்துத் தள்ளுகிற நேரம்.
சுருட்டு லூசு, கழிவு.
நூல் ஏறிக் கிடக்கு, கழிவு.
பத்ரகாளிக்கு ஆயிரத்தில் எழுபது போனது.
"கை தளந்துட்டு அண்ணாச்சி" என்றாள்.
வயசு நாற்பத்தி நாலு.

ஒன்றரை பவரை முகத்தில் வைத்தேன்.
நூலைப் பார்த்தாள்.
நகத்தை, நகத்துக்குள் தூளை,
அப்புறம் பக்கத்தில் குனிந்த மாடத்தியை.
"ஏட்டி, ஒனக்கு மீசைல்லா இருக்கு!"

அன்றைக்கு அறுபத்தி மூன்று பேர்.
அதில் நாற்பது பேராவது
அந்த வாரமே பாவூர்ச்சத்திரம் போய்
நூற்றிருபது ரூபாய்க் கண்ணாடி வாங்கினார்கள்.
பவர் சரியாகத்தான் இருந்தது.
அதுதான் வயிற்றெரிச்சல்.

கூட்டம் கலைந்த பிறகு
விளையாட்டுக்கு ஸ்டூலில் உட்கார்ந்தார் பொன்னுப்பாண்டி.
இடது கண்ணைப் பொத்தச் சொல்லி,
மூன்று பல் எழுத்து
எந்தப் பக்கம் பல்லைக் காட்டுது என்றேன்.
விரல் எழவில்லை.
சார்ட்டைக் கிட்டே கொண்டுபோனேன்.
இன்னும் கிட்டே.
டார்ச் அடித்தேன்:
வலது கண்மணிக்குள்
ஆறிப்போன வடிகஞ்சி.
"எத்தன நாளா?"
"ஒரு கண்ணுதானவே.
கம்பெனிக்குச் சொல்லிராதேயும்."

கழிவுக் கூடை நிறைந்து கிடந்தது.
ஒற்றைக் கண்ணுக்குத் தப்பாய்த் தெரிந்தது எத்தனை,
உள்ளபடியே தப்பு எத்தனை?
கடிதத்தை விரித்துப் பார்த்தேன்.
மூன்றாமவருக்குப் போகக் கூடாது.
பத்ரகாளி மூன்றாமவளா?
அதற்கு எண் எதுவும் போடவில்லை.

சொல்லவில்லை.
கொழுந்தியா வீட்டு விசேஷம் என்று
லீவு கேட்க வைத்து
பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தாள் பத்ரகாளி,
சந்தைக் கண்ணாடி
ஒரு கால் கழன்று தொங்க.
"நாசமாப் போச்சு அண்ணாச்சி.
அந்த மனுசனுக்கு என்ன வந்துச்சோ,
இப்ப எல்லாந் தெரியுது.
எழுவது போயி தொண்ணூறு கழிக்காரு."
நான் திருகாணி தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.
"நானும் விடுததில்ல.
இத மாட்டிக்கிட்டு
ஒவ்வொண்ணா எடுத்து, எங்க குத்தம், காட்டுங்கன்னு நிப்பேன்.
நேத்து முப்பதத் திருப்பித் தந்தாரு."
திருகாணிக்குப் பத்து ரூபாய் வாங்கினேன்.
முகாம் இல்லையே, கடை.

புதுப்பிக்கும் படிவம் வந்திருக்கிறது.
விழிப்புணர்வு பெற்றோர் எண்ணிக்கை,
மூன்று கட்டம்.
063.
பொன்னுப்பாண்டியைச் சேர்க்க வழியில்லை.
'இதர குறிப்புகள்' என்று
அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள்.
பேனாவை வைத்துக்கொண்டு
ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்து
தளவாய்க்கு 'ள' என்று
எழுதி அனுப்பினேன்.