வூட்ல சொல்லிட்டு வந்தியா

விடியற்காலை மூன்று நாற்பது.
ஊர் சிக்னலெல்லாம் மஞ்சளாய்க் கண்ணடித்துக்கொண்டிருக்க
அசோக் பில்லரில் மட்டும் சிவப்பு.
நின்றேன்.

"யாருமே இல்லையே, போங்கண்ணா"
என்றது பின்சீட்டு.
உண்மைதான். யாருமே இல்லை.
கே.கே. நகர்ப் பக்கமிருந்து ஒரு நாய் வந்தது,
நட்டநடு ரோட்டில் உட்கார்ந்து காதைச் சொறிந்தது,
மறந்துபோன எதையோ எடுக்கப் போவதுபோல
வந்த வழியே திரும்பிப் போனது.
தொண்ணூறு நொடி.
கண்ணாடியில் அவர் முகம் பார்த்தேன்.
விமானம் போய்விடும் என்கிற பயமில்லை அதில்,
இப்படி ஓர் ஆளிடம் மாட்டிக்கொண்டோமே என்கிற அலுப்பு.
பெல்ட் போடச் சொன்னபோதும் அதே முகம்.

இறக்கிவிட்டேன்.
பார்க்கிங்கில் இதயதுல்லா
பச்சை மிளகாயைக் கடித்துக் கடித்து
தூக்கத்தைத் துரத்திக்கொண்டிருந்தான்.
"எத்தினி ஆச்சு?"
"பன்னெண்டு."
இன்னும் ஒன்று, ஐந்து மணிக்குள்,
முடித்தால் முந்நூற்றைம்பது சேரும்.
பாதி மிளகாயை எனக்கு நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.

வடபழனியில் ஆள் நிற்கிறது.
கத்திப்பாரா இறங்கி
நூறடி ரோட்டில் எண்பதைத் தொட்டபோது
நாக்கு எரிந்துகொண்டிருந்தது, கண் மட்டும்
தன் பாட்டுக்கு ஷட்டரை இறக்கியது.
மறுபடி அசோக் பில்லர்.
மறுபடி சிவப்பு.
பின்சீட்டில் யாரும் இல்லை.

என் வாயாலேயே சொன்னேன்:
யாருமே இல்லையே.

எதிரே வலப்பக்கம் திரும்பியது ஒரு டிவிஎஸ்.
கோயம்பேட்டு மூட்டை இரண்டு,
நடுவில் ஒடுங்கி ஒரு மனிதர்,
தலையில் இருக்க வேண்டிய ஹெல்மெட்
கைப்பிடியில் கூடையாய்த் தொங்க
அதிலும் பூ.
பிரேக்கை நான் மிதித்ததாய் நினைவில்லை.
கால் மிதித்தது.
ரப்பர் கருகும் நாற்றத்தில்
சம்பங்கி வாசம் வந்து கலந்தது.
நடுவே ஒரு சாண்.

நானாயிருந்தால் கேட்டிருப்பேன்,
பதினாலு வருஷமாய் ஜன்னலை இறக்கி
குறுக்கே வந்தவனையெல்லாம் கேட்டதுதானே:
"இன்னா, வூட்ல சொல்லிட்டு வந்தியா?"
கேட்கும் முறை இன்றைக்கு அவருடையது.
அவர் கேட்கவில்லை.
சரிந்த மூட்டையை முழங்காலால் நிமிர்த்தி
என்னைப் பார்த்தார், நம்பர் பிளேட்டைப் பார்த்தார்,
கிளம்பிவிட்டார். கடை திறக்க வேண்டும்போல.

வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தேன்?
"மோட்டார் போட்டிருக்கேன், டேங்க் ரொம்பினா ஆஃப் பண்ணு."
அவ்வளவுதான்.
தண்ணீர் வழிந்து ஓடியிருக்குமோ என்று
அந்த நேரத்தில் ஒரு கவலை வந்தது, வெட்கமில்லாமல்.

போன் அதிர்ந்தது.
வடபழனி ஆள்: எங்க இருக்கீங்க?
அதற்கு மேலே, விமானம் ஏறியவர் விட்டுப்போனது:
மூன்று ஸ்டார். மெதுவாக ஓட்டுகிறார்.

விளக்கு எப்போதோ பச்சையாகியிருந்தது.
வைப்பரில் சிக்கிய ஒற்றைச் சம்பங்கியோடு
இண்டிகேட்டர் போட்டு,
பின்னால் யாருமே இல்லாத சாலையில்
ஓரம் கட்டினேன்.