கலைந்த அடுக்கு

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு
காரை நிறுத்தினேன், செயலியை அணைத்தேன்.
செந்தூல் பசாரில் யாரோ ஒரு பயணி காத்திருக்கலாம்.
காத்திருக்கட்டும்.
இன்றைக்கு எனக்கென்று கொடுத்திருப்பது
ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பூமி,
கொத்துக் கரண்டி ஒன்று, சல்லடை ஒன்று,
முதுகில் 'தன்னார்வலர்' என்று மலாயில் அச்சடித்த
இரண்டு அளவு பெரிய சட்டை.

கயிறு கட்டிய அந்தச் சதுரத்துக்கு
சி-4 என்று பெயர் வைத்திருந்தார்கள்.
பதினேழாம் எண் வீட்டின் குளியலறை இது என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.
பென்சிலால்.

ஏக்கம் கீக்கம் எதுவும் இல்லை எனக்கு.
சாக்கடை நாறும், கூரை ஒழுகும்,
ரயில் போகும்போதெல்லாம் அலமாரித் தம்ளர்கள்
பல்லடித்துக்கொள்ளும்.
போ என்றபோது போகத்தான் இருந்தேன்.
எப்படிப் போகச் சொன்னார்கள் என்பதுதான் கணக்கு.

முதல் ஒரு மணி நேரம் மண் எதையும் தரவில்லை.
பிறகு பீங்கான் துண்டு, நீலப் பூவின் பாதியோடு.
எலும்புப் பிடி போட்ட பல் பிரஷ்.
வயிறு வெடித்த பேட்டரி.
கட்டைவிரல் அகலத்தில் ஒரு பித்தளை வில்லை,
மேலே ஓட்டை, நடுவில் 2093.

"தாயத்தா?" என்றாள் ஹஸ்லிண்டா.
படிவத்தில் 'சடங்குப் பொருளாக இருக்கலாம்' என்று
பாதி எழுதியும்விட்டாள்.
பக்கத்துக் குழியிலிருந்து ஆ குவான் எட்டிப் பார்த்துச்
சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது.
"சடங்குதான், சடங்குதான்.
காலை ஏழு மணிக்குப் பட்டறை வாசல் ஆணியில் மாட்டணும்.
ஏழு ஐந்துக்கு ஜன்னல் மூடிடுவான்.
அரைநாள் சம்பளம் போச்சு."

யாருடைய எண்?
குப்புராஜ் கிள்ளானுக்குப் போன் போட்டார்.
கிள்ளான் ரவாங்கைக் கேட்டது.
ரவாங், எதிரே தெரியும் அடுக்குமாடியின்
எட்டாவது மாடியைக் கேட்டது.
ஒருவருக்கும் தெரியவில்லை.
ஆனாலும் அரைமணி நேரம்
ஐந்து வீடுகளில் அந்த ஆளைத் தேடினார்கள்.

மதியம் டாக்டர் தியோ குழியின் சுவரில்
தண்ணீர் தெளித்துக் காட்டினார்.
அடியில் ஆறு கொண்டுவந்த களிமண்.
அதன் மேல் ஒரு சாண் ரயில் கரி.
பிறகு அடுப்புச் சாம்பல், மீன்முள், செங்கல் தூள்.
எல்லாவற்றுக்கும் உச்சியில் நாலு விரல் கனத்துக்கு
நொறுங்கிய சிமெண்டு, நெளிந்த தகரம்.
"இது கலைந்த அடுக்கு.
இதில் வருவதைப் பதிய வேண்டாம், வாளியில் போடுங்கள்."

வாளிக்குள் பார்த்தேன்.
மீன் படம் போட்ட ஓடு.
என் முதல் சம்பளத்தில் வாங்கியது.
ஒட்டிப் பதினோரு வாரம் ஆகியிருந்தது.

"தானாகவா கலைந்தது?" என்று கேட்டேன்.
டாக்டர் கரண்டியைத் துடைத்தார்,
ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரண்டியை.

2004 ஆகஸ்ட், ஒரு செவ்வாய், பத்தேகால் மணி.
மஞ்சள் இயந்திரம்.
ஓட்டிய பையனுக்கு இருபதுகூட இருக்காது.
எங்களிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து,
தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் இடித்தான்.

படிவத்தில் மூன்று பத்தி:
மலாய், ஆங்கிலம், தமிழ்.
தமிழ்ப் பத்தி என் பொறுப்பு.
'கலைந்த அடுக்கு' என்று எழுதினேன்.
எழுதியதைப் பார்த்தேன்.
ந்-ஐ அடித்து மேலே த் வைத்தேன்.
ஒரு மெய் மாறினால் போதும்.

கிடைத்தவை: ஓடு, ஒன்று. மீன். வால் இல்லை.

ஹஸ்லிண்டா என்னவென்று கேட்டாள். சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள்.
மலாய்ச் சொல்லின் தலையிலிருந்த 'தெர்'-ஐ எடுத்துவிட்டு
'டி' போட்டாள்.
டாக்டர் பார்த்தார்; வேண்டாம் என்று சொல்லவில்லை,
சரி என்றும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்குச் செயலியைத் திறந்தேன்.
நகக்கண்ணில் கரி.
ஆங்கிலப் பத்தி அப்படியே இருக்கிறது.
அடுத்த சனிக்கிழமை
அதைப் பார்க்க வேண்டும்.