பதினோரு அடி

சுடுமண் குழாய், பதினோரு அடி.
ஒன்றின் வாய்க்குள் ஒன்றைச் செருகிக்
கடல் பக்கம் போய்
ஒரு பனைவேரில் நின்றுவிடுகிறது.

யவனர் கலத்துக்கு நன்னீர் ஏற்றியதாக
"இருக்கலாம்" என்கிறது பலகை.
தொட்டால் அபராதம் என்கிற வரியில் மட்டும்
இருக்கலாம் இல்லை.

கீழக்கரை லாரி வராத ஒன்பதாம் நாள்
இறங்கியது ஐப்பசி.
குழாய் நனையக் கூடாதென்று
அரசு வேய்ந்த தகரக் கூரை
கம்பிவேலிக்கு இந்தப் பக்கம்
கொட்டியது, கொட்டியது.

பிரகாசி முதல் குடம் வைத்தாள்.
பிறகு தெருவே வைத்தது.
மண் அரிக்கும், ஆபீசில் கேட்பார்கள் என்று
கத்திக்கொண்டே வந்த காவலாளி சந்தியாகு
நிறைந்ததை நகர்த்திக்
காலிக் குடத்தை இழுத்துவிட்டார்,
கடைசியில் தன் தூக்குவாளியையும்.

அன்றிரவு பதிவேட்டில்:
சின்னம் உலர்ந்திருக்கிறது.
கசிவு ஏதுமில்லை.