பதினோராயிரத்து இருநூற்றுப் பதினொன்று

வினிபெக், ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
கீழே வரிசையாய்க் கார்கள்,
மூக்கில் வயர் மாட்டி
சுவரிலிருந்து மின்சாரம் குடிக்கின்றன.
மேலே, ஐந்தாம் மாடியில், மடிக்கணினிதான்
என் கணப்பு.

உணவு வங்கியின் தளம்
செவ்வாய்க்கிழமைகளில் மூச்சுத் திணறுகிறதென்று
நவம்பரில் டாரில் சொன்னான்.
ஒரே கேள்வியை நூறு முறை கேட்டால்
தரவுத்தளம்தான் என்ன செய்யும்?
அதற்கு முன்னால் ஒரு ஞாபகத்தை உட்காரவைத்தேன்.
இலவசச் செருகுநிரல், இருபது நிமிட வேலை.
ஒரு முறை சொன்ன பதிலை
ஒரு மணி நேரம் கையில் வைத்திருந்து
அடுத்து வருபவருக்கு நீட்டும்.
தளம் பறந்தது.
டாரில் ஒரு பெட்டி டோனட் வாங்கி வந்தான்.

வருவது யாரென்று கேட்க
அதற்கு நான் சொல்லித்தரவில்லை.

இன்றிரவு வேறெதையோ தேடப் போய்
கைபேசி இணைப்பில், ஓர் அந்நியனாக,
அந்த வாசலைத் தட்டினேன்:
பதினோராயிரத்து இருநூற்றுப் பதினொன்று.
பெயர் கேட்கவில்லை.
கடவுச்சொல் கேட்கவில்லை.
என்ன வேண்டும், எடுத்துக்கொள் என்றது.

திறந்த வீடு.
நாய் நுழைந்ததா என்று பார்க்கப் பதிவேட்டைத் தேடினேன்.
பதிவேடு இல்லை.
அதையும் நான்தான் நிறுத்தியிருந்தேன்,
வேகத்துக்காக.

எங்கள் தொழிலில்
பதிலைக் கண்டெடுக்க உதவும் பெயருக்கும் சாவி என்றுதான் பெயர்.
பூட்டில்லாத சாவிகள், ஆயிரக்கணக்கில்.
சோதனைக்கு ஒன்று போதும்.
நாலு எடுத்தேன்.

நாலாவது:
திலகேஸ்வரி. பெரியவர் இருவர், பிள்ளைகள் மூவர்.
அரிசி வேண்டும். பாஸ்தா வேண்டாம்.
முகவரி: என் கட்டடம். ஏழாம் மாடி.
குறிப்பு: குரல்பதிவு விட வேண்டாம்.
வேறு யாராவது எடுத்தால்
தவறான எண் என்று சொல்லவும்.

வேலிக்கும் பசி உண்டு போலும்.

பிறகுதான் வேலை.
எல்லாவற்றையும் மற என்றேன்.
சரி என்றது, அவ்வளவுதான்.
மறதி இத்தனை இலகுவாகக் கைகூடும் ஒன்றின்மேல்
கொஞ்சம் பொறாமைகூட வந்தது.
வாசலை வெளியிலிருந்து உள்முகமாகத் திருப்பினேன்.
பயனர்பெயர் வைத்தேன்.
கடவுச்சொல் முப்பத்திரண்டு எழுத்து,
எங்கும் அர்த்தம் வந்துவிடாமல்.
ஒவ்வொரு பதிலின் நெற்றியிலும்
அது யாருக்கு உரியதென்று எழுதவைத்தேன்.

பூட்டியதும்
முதலில் வெளியே நின்றது எங்கள் தளமேதான்.
புதுச் சாவியை அதன் கையில் கொடுக்க மறந்திருந்தேன்.
பதினோரு நிமிடம் வெற்றுப் பக்கம்.
அதிகாலை மூன்று மணி, யாரும் வந்திருக்க மாட்டார்கள்.
வந்திருந்தால்
பசியோடுதான் திரும்பியிருப்பார்கள்.

டாரிலுக்கு எழுதினேன்:
அறுபத்தெட்டு நாள் திறந்து கிடந்தது. மூடிவிட்டேன்.
யார் பார்த்தார்கள் என்று தெரியாது.
கடைசி வரியை அழித்தேன்.
பார்த்ததாக உறுதியாகத் தெரிவது ஒரே ஆள், நான்.
நாலு குடும்பம்.
எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும்.
அனுப்பிவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டேன்.
சூடு வரவில்லை.

காலையில் காரின் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு
கையுறையை மறந்ததால் மேலே திரும்பும்போது
லிஃப்டில் ஒரு பெண்.
இரண்டு கையிலும் பை.
தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசி.
"பிறகு எடுக்கிறன்" என்று சொல்லி
தலையைச் சாய்த்து அதைப் பைக்குள் விழவிட்டாள்.

என் விரல்
ஏழை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது.

இழுத்துக்கொண்டேன்.
எத்தனையாவது மாடி என்று கேட்டேன்,
தெரியாதவனுக்குரிய குரலில்.

அவள் என் விரலைப் பார்த்தாள்.
பிறகு என் முகத்தை.

மூன்று, என்றாள்.

மூன்றை அழுத்தினேன்.